கம்பியைக் காப்பது ஒன்று, ஆளைக் காப்பது வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் வெளியான வீட்டு மின்சாரப் பாதுகாப்புக் கட்டுரையைப் படித்தேன். பலருக்கும் பயன்படும் ஒரு பொருளை எளிய நடையில் எழுதியிருந்ததைப் பாராட்ட வேண்டும். ஆனால், மெயின் பெட்டியில் எம்.சி.பி. என்னும் தானியங்கி மின்துண்டிப்பானைப் பொருத்தியிருந்தால் அந்த வீட்டில் ஷாக் அடித்து யாரும் சாக வாய்ப்பில்லை என்ற பொருளில் அதில் வந்த வாக்கியம் தவறானது மட்டுமல்ல, நம்பி நடப்பவரின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. மின்பணி மேற்பார்வையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இதே நம்பிக்கையைப் படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் பலரிடமும் கண்டிருக்கிறேன். "அதான் ட்ரிப்பர் போட்டிருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஈரக் கையால் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

எம்.சி.பி. என்பது சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்ட கருவி. அதற்குள்ளே இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, இருவேறு உலோகத் தகடுகளைச் சேர்த்து ஒட்டிய பட்டை. மிகுதியான மின்னோட்டம் சிறிது நேரம் தொடர்ந்து பாய்ந்தால் அது சூடேறி வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். மற்றொன்று ஒரு கம்பிச்சுருள். ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு மின்னோட்டம் திடீரென்று பல மடங்கு எகிறும்போது அந்தச் சுருள் காந்தமாகி, கண்ணிமைக்கும் நேரத்தில் சுற்றை அறுத்துவிடும். 16 ஆம்பியர் என்று பொறித்த ஒரு எம்.சி.பி.யை எடுத்துக்கொண்டால், தர விதிகளின்படி 18 ஆம்பியர் பாயும்போது ஒரு மணி நேரம் வரை அது விழாமல், அதாவது சுற்றைத் துண்டிக்காமல், நிற்க வேண்டும்; 23 ஆம்பியருக்குச் சற்று மேல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். உடனடியாக விழுவதற்கோ, பொறித்த அளவைப்போல் 'பி' வகையானால் மூன்று முதல் ஐந்து மடங்கு, 'சி' வகையானால் ஐந்து முதல் பத்து மடங்கு மின்னோட்டம் தேவை. அதாவது குறைந்தபட்சம் 48 ஆம்பியராவது பாய்ந்தால்தான் அந்தக் காந்தச் சுருள் அசையும்.

இப்போது மனித உடம்பின் கணக்கைப் பார்ப்போம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பது ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். உலகின் பெரும்பாலான நாடுகளில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் அளவில் உள்ளது. வியர்வையோ தண்ணீரோ பட்டு நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொள்வது வழக்கம். வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர் வருகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் பார்வையில் இது ஒரு சிறிய மின்விசிறியும் இரண்டு விளக்கும் ஓடுவதைப் போன்ற அற்பமான லோடு. ஆனால் இதயத்தின் துடிப்பைக் குலைத்து ஆளைச் சாய்க்க இதில் பாதிகூடத் தேவையில்லை. ஒருவர் கம்பியைப் பிடித்தபடி உயிர்விட்டுக்கொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. விழாமல் நிற்கிறது என்றால் அது பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. தனக்கு இட்ட வேலையை அது சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

மின்னோட்டம் உடம்புக்கு என்ன செய்யும் என்பதைத் தன்னார்வலர்களை வைத்து முறையாக அளந்தவர்களுள் முக்கியமானவர் சார்லஸ் டால்சீல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். கையில் பிடித்திருக்கும் கம்பியைத் தானாக விட்டுவிட முடிகிற எல்லை எது என்று அவர் தேடினார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் தசை இறுகி, விரல்கள் கம்பியை இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். 'கரண்ட் ஆளை இழுத்துக்கொள்ளும்' என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, உண்மையில் இழுப்பது கரண்ட் அல்ல, நம் கைத் தசையே. உடம்பையும் எம்.சி.பி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மில்லியாம்பியரில் பேசுகிறது, மற்றொன்று பத்துக்கணக்கான ஆம்பியரில் பேசுகிறது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி.

அந்தக் கட்டுரையில் மின்சாரத்தைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டிருந்தார்கள். பாடப்புத்தகங்களும் அப்படித்தான் செய்கின்றன. அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றையும் புரியவைக்க அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான ஓரிடத்தில் அந்த உவமை காலை வாரிவிடுகிறது. குழாயிலிருந்து கொட்டிய நீர் தொட்டிக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. மின்னோட்டமோ புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வழி இருந்தால்தான் புறப்படவே செய்யும். மின்னழுத்தத்தைச் சுமந்து வரும் பேஸ் கம்பி வழியாக வந்து, விளக்கைக் கடந்து, நியூட்ரல் கம்பி வழியாக மின்மாற்றிக்குத் திரும்புவதால்தான் அதைச் சுற்று என்கிறோம். அப்படியானால் பேஸ் கம்பியை மட்டும் தொட்டவருக்கு ஏன் ஷாக் அடிக்க வேண்டும்? மின்மாற்றியின் நியூட்ரல் முனையை மின்வாரியமோ நிறுவனமோ வேண்டுமென்றே தரையில் புதைத்து எர்த் செய்திருப்பதால்தான். தரையில் நிற்பவர் தம்மை அறியாமலே திரும்பு பாதையின் ஒரு துண்டாகிவிடுகிறார். கை, மார்பு, கால், தரை, மின்மாற்றி என்று சுற்று முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் நியூட்ரலை எர்த் செய்து தொலைக்கிறார்கள் என்று கேட்கலாம். அப்படிச் செய்யாவிட்டால் உயர் அழுத்தக் கம்பியிலோ மின்மாற்றியின் உள்ளேயோ கோளாறு நேரும்போது வீட்டுக் கம்பிகள் எந்த அழுத்தத்துக்கு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோளாறு நேர்ந்ததைக் கண்டுபிடிக்கவும் எளிதான வழி இருக்காது.

இந்த இடத்தில் எர்த் கம்பியின் வேலை வருகிறது. சலவை இயந்திரம், குளிர்பெட்டி, வெந்நீர்க் கருவி போன்றவற்றின் உலோக உடலோடு மூன்றாவது கம்பியாக அது இணைந்திருக்கும். உள்ளே காப்புறை தேய்ந்து பேஸ் கம்பி உடலில் பட்டுவிட்டால், மின்னோட்டம் எர்த் கம்பி வழியாகப் பாய்ந்து எம்.சி.பி.யை விழவைக்கும் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். சில நாடுகளில் மின்விநியோகம் செய்பவர்களே நியூட்ரலோடு எர்த் இணைப்பையும் உலோகக் கம்பியாகவே வீடுவரை கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே போகும் வழியும் வரும் வழியும் உலோகம் என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். இந்த விளக்கம் அப்படியே பொருந்தும். வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிக் குழாயோ தகடோ புதைத்து எர்த் எடுக்கும் இடங்களில் கணக்கு வேறு. மண்ணின் தடை மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. அந்த எர்த்தின் தடை 20 ஓம் என்றும், மின்மாற்றிப் பக்கத்து எர்த்துக்கு 3 ஓம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 23 ஓமால் வகுத்தால் 10 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. காலமெல்லாம் அசையாது. அந்த 10 ஆம்பியர் 20 ஓம் வழியாகத் தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்க, இயந்திரத்தின் உடல் சுற்றியுள்ள தரையைவிட 200 வோல்ட் உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனாலும் கதவைத் தொட்டவர் பிழைப்பது அவர் காலில் இருக்கும் செருப்பைப் பொறுத்தது. 'எர்த் போட்டாச்சு' என்பதோடு மனநிறைவு அடைபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் தடை குறைந்த வழியில் மட்டுமே போகும், ஆகவே எர்த் கம்பி இருக்கும்போது ஆள் மேல் பாயாது என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம். அதுவும் பிழை. திறந்திருக்கும் எல்லா வழிகளிலும் அது பிரிந்து பாயும். தடை குறைந்த வழியில் அதிகமாகவும், தடை மிகுந்த வழியில் குறைவாகவும் பாயும் என்பதே சரி. அந்தக் 'குறைவு' என்பது சில பத்து மில்லியாம்பியராக இருந்தாலே போதும், காரியம் கெட்டுவிடும்.

ஆளைக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி வேறு. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். மேலே சொன்ன டால்சீல் 1961-ல் உருவாக்கிய தரைக்கசிவுத் துண்டிப்பான் இதே இனத்தைச் சேர்ந்தது. அது செயல்படும் முறையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது, அவ்வளவு எளிமை. ஓர் இரும்பு வளையத்தின் நடுவே பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்து நுழைந்து செல்கின்றன. போன அளவே திரும்பி வந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; வளையத்தில் எதுவும் நிகழாது. போனதில் சிறு பகுதி யாரோ ஒருவர் உடம்பின் வழியாகத் தரைக்குள் இறங்கிவிட்டால், திரும்பி வருவது குறையும். அந்தச் சிறு வித்தியாசம் வளையத்தில் சுற்றியுள்ள மூன்றாவது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டிக் கொக்கியைத் தட்டிவிடும். மொத்தம் எவ்வளவு பாய்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. போனதும் வந்ததும் சரியாக இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி.

வீடுகளுக்குரிய ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் அளவுடையது. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் அது விழ வேண்டும் என்பது தர விதி. நாம் கணக்கிட்ட 230 மில்லியாம்பியர் ஐந்து மடங்குக்கு மேல். ஆக, ஆள் மேல் மின்சாரம் பாயும் நேரம் இதயத்தின் ஒரு துடிப்புக்கும் மிகக் குறைந்துவிடுகிறது. ஷாக்கே அடிக்காது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சுரீரென்று அடிக்கத்தான் செய்யும். பாயும் அளவை இந்தக் கருவி குறைப்பதில்லை, பாயும் நேரத்தைத்தான் சுருக்குகிறது. மண் எர்த் உள்ள வீட்டில் பேஸ் கம்பி உடலில் பட்டுவிட்ட அந்த முந்தைய இயந்திரத்தின் கதையும் இதனால் மாறிவிடும்: 10 ஆம்பியர் தரைக்குள் இறங்கும்போது, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த்தின் தடை 20 ஓமுக்குப் பதில் 200 ஓமாக இருந்தாலும் விழும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்திருந்தால்தான் இந்த ஏற்பாடு முழுமையடைகிறது.

இக்கருவிக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை அது காப்பாற்றாது; போனதெல்லாம் திரும்பி வந்துவிடுவதால் அவரையும் ஒரு விளக்காகவே அது கருதும். ஓவர்லோடையும் அது கவனிக்காது; அதற்குத்தான் எம்.சி.பி. வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் ஆர்.சி.பி.ஓ. என்ற கருவியும் கிடைக்கிறது.

பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி. பொருத்தியவுடன் அது 'நிற்கவே மாட்டேன்' என்று அடம்பிடிப்பதும், வந்த எலக்ட்ரீஷியன் சலித்துப்போய் அதை ஒதுக்கி நேராக இணைத்துவிட்டுப் போவதும் சாதாரணமாக நடப்பவை. அப்படி ஒரு வீட்டில் மூன்று துளை பிளக் பாயின்ட் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, நியூட்ரல் திருகுக்கும் எர்த் திருகுக்கும் இடையே ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்புக் கம்பித் துண்டு ஒன்றை வளைத்து முறுக்கியிருந்ததைக் கண்டேன். அந்தப் பாயின்ட்டுக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. பேஸுக்கும் எர்த் துளைக்கும் இடையே சோதனை விளக்கை வைத்தால் பளிச்சென்று எரியும். வீட்டுக்காரரும் எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பியிருப்பார். அந்தப் பாயின்ட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தாலோ கழன்றாலோ, பிளக்கில் செருகிய கருவியின் சுற்று வழியாகப் பேஸின் முழு அழுத்தமும் அந்தச் சிவப்புத் துண்டைக் கடந்து கருவியின் உலோக உடலுக்கு வந்து நிற்கும். எர்த்தே இல்லாத பாயின்ட்கூட இதைவிட மேல். வீட்டின் வேறோரிடத்தில் முறையான எர்த் கம்பியையே இப்படி நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருந்தால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவும், ஆர்.சி.சி.பி. அதைக் கண்டு விழும். தவறு முடிச்சில் இருக்க, பழி கருவியின் மேல் விழுகிறது. அடிக்கடி விழும் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிவதற்கு முன், அது எதைக் கண்டு விழுகிறது என்று தேடுவதே முறை.

எம்.சி.பி. விஷயத்திலும் இதே மனப்போக்கைப் பார்க்கிறோம். 16 ஆம்பியர் அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் மாட்டிவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியதன் இன்றைய வடிவம் இது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-ல் காட்டினார். ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. எம்.சி.பி.யை மாற்றியவர் சுவருக்குள் இருக்கும் கம்பியை மாற்றவில்லை. இனி அந்தச் சுற்றில் முதலில் உருகக் காத்திருப்பது அந்தக் கம்பியின் உறையே.

எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் கண்ணிலும் படாத ஆபத்து ஒன்று உண்டு. தீ விபத்துகளைப் பற்றிய செய்திகளில் அதை யாரும் குறிப்பிடுவதில்லை. அது தளர்ந்த இணைப்பு. 3,000 வாட் வெந்நீர்க் கருவி ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். பிளக் பாயின்ட்டின் திருகு ஒன்று தளர்ந்து, அந்த இடத்தில் 0.2 ஓம் தடை மட்டும் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 13-ஐ 13-ஆல் பெருக்கி 0.2-ஆல் பெருக்கினால் 34 வாட் அளவுக்கு வெப்பம் அந்தத் திருகின் முனையிலேயே உண்டாகிறது. ஈயப்பற்று வைக்கும் கருவிக்கு 25 வாட் போதும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கருவியின் சொந்தத் தடை 17 ஓமுக்கு மேல் இருப்பதால் இந்த 0.2 ஓம் கூடியதால் மின்னோட்டம் நூற்றில் ஒரு பங்குதான் குறைகிறது, எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. தரைக்கும் எதுவும் கசியவில்லை, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. நமக்குத்தான் தெரியும்: பிளக்கைத் தொட்டால் சுடும், பாயின்ட்டின் ஓரம் பழுப்பேறியிருக்கும், மீன் வாடை போன்ற ஒரு கருகல் நாற்றம் வரும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். டேப் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது.

ஸ்விட்ச் பற்றி ஒன்றிரண்டு வரிகள் போதும். ஸ்விட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும், வேறுபாடு தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்ற ஏறியவர் விழுந்ததற்கு இதுவே காரணமாக இருந்த நிகழ்வுகளை நான் அறிவேன். நியான் டெஸ்டரை வைத்துச் சில நொடிகளில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆயினும் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியில் கை வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மெயினை அணைப்பதற்கு மாற்று இல்லை.

கட்டுரையாசிரியர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டு கருவிகளும் ஒரே பெட்டியில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரி நெம்புகோலோடு அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. பொதுவாக ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 30 மில்லியாம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்ற குறிப்பும், சோதனைக்கான ஒரு சிறு பொத்தானும் இருக்கும், எம்.சி.பி.யில் இவை இரண்டும் இருக்காது. அந்தப் பொத்தானை அழுத்தினால் கருவி உடனே விழ வேண்டும்; விழாவிட்டால் அது வெறும் ஸ்விட்ச்தான், உடனே மாற்ற வேண்டும். மாதங்கள் பல ஆடாமல் அசையாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் கொக்கி இறுகிவிடக்கூடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அழுத்திப் பார்ப்பது நல்லது. பொத்தானை அழுத்திச் சரிபார்ப்பது கருவியை மட்டுமே என்பதையும், வீட்டு எர்த்தின் தடையை அளக்கத் தனி மீட்டரும் அதைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, முந்தைய வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுவதோடு, அதே இணைப்பின் அடுத்த பகுதியில் இவ்விரு கருவிகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எதில் என்ன பொறித்திருக்கும், எது எதற்கு என்று கீழே ஒரு வரி விளக்கமும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர்கள் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் மெயின் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி படம் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மின்பணி மேற்பார்வையாளர்